பிள்ளைகளைப் பிரித்த கணக்கு: கனடா முதற்குடிகளின் வழக்கைப் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ரொறன்ரோவில் சனிக்கிழமைகளில் குடியுரிமைத் தேர்வுக்குத் தமிழில் வகுப்பு எடுத்து வருகிறேன். அரசு தரும் பாடநூலில் பூர்வகுடி மக்களைப் பற்றிய பகுதி மிகச் சிறியது. ஆனால் அந்தப் பகுதி வந்தால் அன்றைக்கு வேறு பாடம் நடக்காது. "செய்தியில் பில்லியன் கணக்கில் நட்டஈடு என்றார்களே, அது எதற்கு?" என்று ஒருவர் தொடங்குவார். அதிலிருந்து பத்துக் கேள்விகள் கிளம்பும்.

ஆண்டுதோறும் அதே கேள்விகள்தான் வருகின்றன. ஆகவே கேட்டவர்கள் கேட்டபடியே அவற்றை எழுதி, தீர்ப்புகளையும் அறிக்கைகளையும் படித்து நான் அறிந்த பதில்களைக் கீழே தொகுத்திருக்கிறேன். நான் வழக்கறிஞர் அல்ல. இந்த நாட்டில் பிள்ளை வளர்த்த ஒரு தாய். இந்த வழக்கு என்னை விட்டுப் போகவே இல்லை.

இது என்ன வழக்கு? யார், யார்மேல் போட்டது?

கனடாவின் மத்திய அரசின்மேல் போட்ட வழக்கு. முதற்குடிகளுக்கென விடப்பட்ட ஒதுக்கு நிலங்களிலும் வடமேற்கில் உள்ள யூக்கோன் பிரதேசத்திலும் வாழும் முதற்குடிப் பிள்ளைகளின் நலச் சேவைகளுக்கு அரசு குறைவாகப் பணம் கொடுத்தது, அதையும் பிழையான முறையில் கொடுத்தது, அது இனப் பாகுபாடு என்பதே முறைப்பாடு. 2007 பெப்ரவரியில் இரண்டு அமைப்புகள் சேர்ந்து இதைக் கொடுத்தன. ஒன்று, முதற்குடிப் பிள்ளைகள் மற்றும் குடும்பப் பராமரிப்புச் சங்கம். மற்றது, நாடெங்கும் உள்ள முதற்குடித் தலைவர்களின் அமைப்பான முதற்குடிகள் பேரவை.

விசாரித்தது கனடா மனித உரிமைத் தீர்ப்பாயம். 2016 ஜனவரி 26ஆம் திகதி, அரசு பாகுபாடு காட்டியது உண்மை என்று அது தீர்ப்பளித்தது. அதன்பின் நடந்தவையும் நீண்ட கதை. கீழே வரும்.

முதற்குடிகள், பூர்வகுடிகள் என்று மாற்றி மாற்றிச் சொல்கிறீர்களே, இரண்டும் ஒன்றுதானா?

ஒன்றல்ல. பூர்வகுடிகள் என்பது பொதுப்பெயர். அதற்குள் முதற்குடிகள், இனுயிட், மெற்றிஸ் என்று மூன்று பிரிவினர் இருக்கிறார்கள். இந்த வழக்கு முதற்குடிகளின் பிள்ளைகளைப் பற்றியது. ஒதுக்கு நிலம் என்று நான் எழுதுவது, பேச்சில் ரிசேர்வ் என்கிறோமே, அதுதான்.

அந்தப் பிள்ளைகளை ஏன் வீட்டிலிருந்து எடுத்தார்கள்? தாய்தகப்பன் அடித்தார்களா?

இந்தக் கேள்வியைக் கேட்காத வகுப்பே இல்லை. பிள்ளைக்கு உண்மையிலேயே ஆபத்து இருந்த வீடுகள் உண்டு, எல்லாச் சமூகங்களிலும் இருப்பதைப் போல. ஆனால் முதற்குடிப் பிள்ளைகள் எடுக்கப்படுவதற்கு முதன்மையான காரணமாக ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டுவது அடி உதையை அல்ல. 'கவனிப்பின்மை' என்று கோப்பில் எழுதப்படும் ஒன்றை. அதைக் கிளறிப் பார்த்தால் அடியில் கிடப்பவை வறுமை, இடிந்த வீடு, ஒரே வீட்டில் நெருக்கி வாழும் மூன்று குடும்பங்கள், போதைப் பழக்கத்துக்குச் சிகிச்சை கிடைக்காத நிலை. இவற்றில் பலவும் தாய்தகப்பனின் கைக்கு அப்பாற்பட்டவை.

எண்ணிக்கையைப் பாருங்கள். 2021ஆம் ஆண்டின் குடிசன மதிப்பீட்டின்படி, கனடாவில் 15 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளில் பூர்வகுடிப் பிள்ளைகள் 7.7 சதவீதம். வளர்ப்புக் குடும்பங்களில் இருக்கும் அந்த வயதுப் பிள்ளைகளில் அவர்கள் 53.8 சதவீதம். நூற்றுக்கு எட்டுப் பேர்கூட இல்லாதவர்கள், பிரித்து எடுக்கப்பட்ட பிள்ளைகளில் பாதிக்கும் மேல்.

இது அந்த வதிவிடப் பாடசாலைக் கதைதானே? அதெல்லாம் முடிந்துவிட்டதே?

பூர்வகுடிப் பிள்ளைகளைக் குடும்பத்திலிருந்து பிரித்துத் தங்கவைத்த அந்தப் பாடசாலைகள் மூடப்பட்டன. கடைசிப் பாடசாலை 1990களின் பிற்பகுதியில்தான் மூடப்பட்டது. நம்மில் பலர் கனடாவுக்கு வந்து இறங்கிய பிறகு என்று சொன்னால் வகுப்பு அமைதியாகிவிடும். 1907இலேயே பீற்றர் பிறைஸ் என்ற அரசு மருத்துவர், அந்தப் பாடசாலைகளில் பிள்ளைகள் காசநோயால் சாகிறார்கள், தடுக்க வழியிருக்கிறது என்று அறிக்கை கொடுத்தார். அரசு அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

1950களிலிருந்து பாடசாலைகள் மெல்லக் குறைய, பிள்ளை நல அதிகாரிகள் அந்த வேலையை எடுத்துக்கொண்டார்கள். ஆயிரக்கணக்கான குழந்தைகள் வெள்ளையர் குடும்பங்களுக்குத் தத்துக் கொடுக்கப்பட்டார்கள். 'அறுபதுகளின் அள்ளல்' என்று அதற்குப் பெயர். ஒன்ராறியோ நீதிமன்றம் 2017இல் அதற்கு மத்திய அரசைப் பொறுப்பாளி ஆக்கியது. நம்முடைய வழக்கு அதற்கு அடுத்த தலைமுறையைப் பற்றியது, 1991க்குப் பிறகு எடுக்கப்பட்ட பிள்ளைகளைப் பற்றியது. பாட்டி பாடசாலைக்கு, தாய் தத்துக்கு, பேத்தி வளர்ப்பு வீட்டுக்கு என்று மூன்று தலைமுறையாகப் பிரிக்கப்பட்ட குடும்பங்கள் இருக்கின்றன.

பிள்ளை நலம் மாகாணத்தின் வேலை அல்லவா? மத்திய அரசு ஏன் கூண்டில் நிற்கிறது?

நல்ல கேள்வி. தேர்விலும் அதிகாரப் பிரிவினை பற்றிக் கேட்பார்கள். பிள்ளை நலம் மாகாணத்தின் பொறுப்பு. முதற்குடிகளும் அவர்களுக்கு ஒதுக்கிய நிலமும் அரசியலமைப்பின் 91(24)ஆம் பிரிவின்படி மத்திய அரசின் பொறுப்பு. ஆகவே ஒதுக்கு நிலத்தில் சட்டம் மாகாணத்துடையது, பணம் ஒட்டாவாவுடையது, அதாவது மத்திய அரசுடையது. ஒரே தெருவின் ஒரு பக்கத்துப் பிள்ளைக்கு மாகாணம் செலவு செய்யும், எதிர்ப்பக்கத்துப் பிள்ளைக்கு ஒட்டாவா செலவு செய்யும். இரண்டு தொகையும் ஒன்றாக இருக்கவில்லை.

காசு குறைவாகக் கொடுத்தால் அது கஞ்சத்தனம். அதை எப்படிப் பாகுபாடு என்று சொல்வது?

வழக்கின் உயிரே இந்த இடத்தில்தான் இருக்கிறது. கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

ஒட்டாவா பணம் கொடுத்த முறைக்குப் பணிப்புரை 20-1 என்று பெயர். அதில் இரண்டு பைகள். முதலாவது பை நிர்வாகத்துக்கும், குடும்பம் உடையாமல் தடுக்கும் வேலைகளுக்கும். அதன் அளவு முன்கூட்டியே கட்டப்பட்டது. ஊரில் பிள்ளைகளின் எண்ணிக்கையைப் பார்த்து, அவர்களில் 6 சதவீதம் பேர் பராமரிப்பில் இருப்பார்கள் என்று ஊகித்துப் போட்ட கணக்கு. உண்மையில் எத்தனை பேர் என்பது கணக்கில் சேராது. 1990களின் நடுப்பகுதிக்குப் பிறகு விலைவாசி உயர்வுக்கு ஏற்ப அதைக் கூட்டவும் இல்லை. இரண்டாவது பை, வீட்டிலிருந்து எடுக்கப்பட்ட பிள்ளையின் பராமரிப்புச் செலவுக்கு. அதற்கு அளவு கிடையாது. ரசீதை அனுப்பினால் ஒட்டாவா முழுவதையும் திருப்பிக் கொடுக்கும்.

இதை ஒரு வீட்டுக்குள் வைத்துப் பாருங்கள். இது நான் வகுப்பில் சொல்லும் கற்பனை உதாரணம். தனியாக மூன்று பிள்ளைகளை வளர்க்கும் தாய். ஜனவரி மாதம். வெப்பமூட்டி பழுது. சின்னவனுக்கு நெஞ்சில் சளி. அந்த ஊர்ச் சேவை நிலையத்து ஊழியர் வந்து பார்க்கிறார். வெப்பமூட்டியைத் திருத்தி, வாரம் இரண்டு நாள் உதவிக்கு ஒருவரை அனுப்பினால் போதும் என்று அவருக்குத் தெரிகிறது. அதற்கான செலவு முதலாவது பையிலிருந்து வர வேண்டும். அது ஒக்டோபரிலேயே காலி. பிள்ளைகளை எடுத்து மூன்று வளர்ப்பு வீடுகளில் விட்டால் அந்தச் செலவு இரண்டாவது பை. அது எப்போதும் திறந்தே இருக்கிறது. வெப்பமூட்டியின் விலையைப் போல் பல மடங்கை ஒட்டாவா மறுகேள்வி இல்லாமல் கொடுக்கும்.

பிள்ளைகளைப் பிரிக்கத் தூண்டும் விதமாகவே இந்த ஏற்பாடு அமைந்திருந்தது என்று தீர்ப்பாயம் கண்டது. இது முதற்குடிகளுக்கு மட்டும் பொருந்திய ஏற்பாடு. அவர்கள் முதற்குடிகள் என்பதைத் தவிர வேறு எந்தக் காரணமும் இல்லாமல் அவர்களுடைய பிள்ளைகளுக்குக் கிடைத்த குறைந்த சேவை இது. கனடா மனித உரிமைகள் சட்டத்தின் 5ஆம் பிரிவு தடுப்பது இதைத்தான்.

அரசுக்கு இது தெரியாமல் நடந்திருக்கலாம் அல்லவா?

தெரியும். 2000ஆம் ஆண்டில் அரசும் முதற்குடிகள் பேரவையும் சேர்ந்தே ஓர் ஆய்வு நடத்தின. மாகாணங்கள் கொடுப்பதைவிடச் சராசரியாக 22 சதவீதம் குறைவாகக் கொடுக்கிறீர்கள் என்று அது சொன்னது. 2005இல் அரசின் பணத்திலேயே மேலும் விரிவான ஆய்வு நடந்தது. என்ன செய்ய வேண்டும், எவ்வளவு ஆகும் என்று கணக்குப் போட்டே கொடுத்தார்கள். முறைப்பாடு போனது அதற்கும் பிறகுதான். 2008இல் நாட்டின் கணக்காய்வாளர் நாயகமும் அதையே சொன்னார். ஒதுக்கு நிலங்களில் பராமரிப்பில் இருக்கும் பிள்ளைகளின் விகிதம் வெளியே இருப்பதைப் போல் கிட்டத்தட்ட எட்டு மடங்கு என்பது அந்த அறிக்கையில் உள்ளது.

அறியாமை என்று இதை மன்னிக்க என்னால் முடியவில்லை. மேசையில் அறிக்கைகள் அடுக்கிக் கிடந்தன.

ஏன் சாதாரண நீதிமன்றத்துக்குப் போகாமல் தீர்ப்பாயத்துக்குப் போனார்கள்?

பாகுபாடு பற்றிய முறைப்பாட்டை விசாரிப்பதற்கென்றே அமைந்த இடம் அது. நட்டஈட்டோடு நின்றுவிடாமல், "இந்த நடைமுறையை நிறுத்து, திருத்து" என்று அரசுக்கே கட்டளையிடும் அதிகாரம் அதற்கு இருக்கிறது. முறைப்பாட்டாளர்கள் முதலில் கேட்டதும் அதைத்தான்.

2011இல் தள்ளுபடி ஆகிவிட்டது என்று எங்கோ படித்தேன். பிறகு எப்படி வென்றார்கள்?

நீங்கள் படித்தது சரி. அரசின் தரப்பு இரண்டு வாதங்களை வைத்தது. பணம் கொடுப்பது 'சேவை' ஆகாது என்பது ஒன்று. பாகுபாடு என்றால் ஒருவரை இன்னொருவரோடு ஒப்பிட வேண்டும், ஒதுக்கு நிலத்தில் நாங்கள் முதற்குடிகளுக்கு மட்டுமே கொடுக்கிறோம், வெளியே கொடுப்பது மாகாணம், இரண்டு வேறு அரசுகளை ஒப்பிடவே முடியாது என்பது மற்றது. 2011 மார்ச்சில் தீர்ப்பாயத்தின் அப்போதைய தலைவர் இந்த இரண்டாவது வாதத்தை ஏற்று, சாட்சிகளை முழுமையாகக் கேட்காமலேயே முறைப்பாட்டைத் தள்ளினார்.

அந்த வாதத்தைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். ஒரு மக்களை மட்டும் தனியாகப் பிரித்து வைத்திருக்கிறோம், ஆகவே அவர்களுக்கு என்ன செய்தாலும் ஒப்பிட ஆளில்லை என்று அதற்குப் பொருள். 2012 ஏப்ரலில் மத்திய நீதிமன்றத்தின் நீதிபதி ஆன் மக்ராவிஷ் அந்த முடிவை ரத்துச் செய்து, புதிய குழுவின் முன் விசாரிக்க அனுப்பினார். அரசு மேல்முறையீடு செய்து 2013இல் அங்கேயும் தோற்றது. அதற்கிடையில் விசாரணை தொடங்கிவிட்டது. 72 நாட்கள், 25 சாட்சிகள், 500க்கும் மேற்பட்ட சான்று ஆவணங்கள்.

சின்டி பிளாக்ஸ்டொக் என்ற பெயர் அடிக்கடி வருகிறதே, அவர் யார்? அரசு அவரை வேவு பார்த்தது உண்மையா?

கிற்சான் இனத்தைச் சேர்ந்தவர். பிரிட்டிஷ் கொலம்பியாவில் பிள்ளை நல ஊழியராகத் தொடங்கியவர். முறைப்பாடு கொடுத்த சங்கத்தின் நிர்வாக இயக்குநர். ஒதுக்கு நிலத்துக்கு உள்ளேயும் வெளியேயும் வேலை செய்ததால் இரண்டு பைகளின் வேறுபாட்டைக் கண்ணால் பார்த்தவர்.

வேவு என்ற சொல் கனமானதுதான், ஆனாலும் கதை உண்மை. இரண்டு அரசுத் துறைகள் அவருடைய தனிப்பட்ட முகநூல் பக்கத்திலிருந்து தகவல் சேகரித்தன என்று 2013இல் நாட்டின் தனியுரிமை ஆணையர் கண்டறிந்தார். அதற்கு முன் 2009 டிசம்பரில், ஒன்ராறியோ முதற்குடித் தலைவர்களோடு அமைச்சரின் அலுவலகத்துக்கு ஒரு கூட்டத்துக்குப் போனார். தலைவர்கள் உள்ளே போகலாம், நீங்கள் வர முடியாது என்றார்கள். அவர் வெளியே காத்திருந்தார். முறைப்பாடு கொடுத்ததற்கான பழிவாங்கல் அது என்று 2015இல் தீர்ப்பாயம் முடிவு செய்து 20,000 டொலர் கொடுக்கச் சொன்னது.

நீதிமன்றத்தில் ஒரு கரடிப் பொம்மை உட்கார்ந்திருந்த படம் பார்த்தேன். அது என்ன வேடிக்கை?

வேடிக்கை இல்லை. அந்தக் கரடிக்குப் பெயர் ஆவிக்கரடி. பிரிட்டிஷ் கொலம்பியாவின் காடுகளில் வாழும் வெண்ணிறக் கரடியின் பெயர் அது. முறைப்பாடு கொடுத்த காலத்தில் பரிசாக வந்த பொம்மை, விசாரணை நாட்களில் பிள்ளைகளின் சார்பில் வந்து அமர்ந்தது. பிறகு பிள்ளைகளே வந்தார்கள். ஒட்டாவாப் பாடசாலை மாணவர்கள், முதற்குடிப் பிள்ளைகளும் மற்றவர்களும், வகுப்பு வகுப்பாக வந்தார்கள். இடம் போதாமல் ஒரு குழு எழுந்து போக அடுத்த குழு வந்து அமரும். வழக்கறிஞர்கள் சூத்திரங்களைப் பற்றி வாதாடுகிறார்கள், பின்வரிசையில் கால் தரையில் எட்டாத பிள்ளைகள் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். யாருடைய வழக்கு என்பது யாருக்கும் மறந்துபோக முடியாத ஏற்பாடு அது.

ஜோர்டன் கோட்பாடு என்கிறார்களே, ஜோர்டன் யார்?

ஜோர்டன் ரிவர் அண்டர்சன். மனிற்றோபாவின் வடக்கே நோர்வே ஹவுஸ் கிறீ முதற்குடியைச் சேர்ந்த குழந்தை. 1999இல் பிறந்தான். அரிய தசைநோய். ஊரில் அவனுக்கு வேண்டிய வசதி இல்லாததால் வின்னிபெக் வைத்தியசாலையிலேயே இருந்தான். இரண்டு வயதானபோது, இனி வீட்டுச் சூழலில் வாழலாம் என்று மருத்துவர்கள் சொன்னார்கள். அவனை ஏற்கச் சிறப்பு வளர்ப்பு வீடும் இருந்தது. வீட்டுப் பராமரிப்புச் செலவை யார் கொடுப்பது என்று மத்திய அரசும் மனிற்றோபா அரசும் வாதிடத் தொடங்கின. இரண்டு ஆண்டுக்கும் மேலாக வாதிட்டன. 2005இல், ஐந்து வயதில், ஒரு நாள்கூட ஒரு வீட்டில் வாழாமல் வைத்தியசாலையிலேயே ஜோர்டன் இறந்தான்.

கோட்பாடு எளியது. முதற்குடிப் பிள்ளைக்கு ஒரு சேவை தேவைப்பட்டால், முதலில் கேட்கப்பட்ட அரசு அதைக் கொடுக்க வேண்டும். காசு யாருடையது என்ற சண்டையைப் பிறகு வைத்துக்கொள்ளலாம். 2007 டிசம்பர் 12ஆம் திகதி நாடாளுமன்றம் இதை ஒருமனதாக ஏற்றது. பிறகு அதிகாரிகள் அதற்கு மிகக் குறுகிய பொருள் கொடுத்தார்கள். பல உடற்குறைகள் உள்ள பிள்ளையாக இருக்க வேண்டும், இரண்டு அரசுகளுக்கும் இடையே பிணக்கு இருப்பது உறுதியாக வேண்டும் என்று நிபந்தனைகள் வைத்தார்கள். நோவா ஸ்கோஷியாவில் பிக்ரூ லாண்டிங் என்ற சிறிய ஊர், பக்கவாதம் வந்த ஒரு தாயின் மாற்றுத்திறனாளி மகனை வீட்டிலேயே வைத்துப் பார்க்கத் தன் மாதாந்தப் பராமரிப்பு நிதியின் பெரும் பங்கைச் செலவிட்டது. அரசு கைவிரித்தது. 2013இல் மத்திய நீதிமன்றம் அந்த ஊரின் பக்கம் நின்றது. பிள்ளை நல நிதியோடு இந்தக் கோட்பாட்டின் குறுகிய பொருளும் நம் வழக்கில் சேர்ந்தது.

2016இல் வென்றாயிற்று. பிறகும் ஏன் வழக்கு நடக்கிறது?

அரசு அந்தத் தீர்ப்பை எதிர்த்து மேல்முறையீடு செய்யவில்லை. ஏற்கிறோம் என்றார்கள். ஆனால் உடனே நிறைவேற்றவில்லை. தீர்ப்பாயம் வழக்கைத் தன் கையிலேயே வைத்துக்கொண்டு, இருபதுக்கும் மேற்பட்ட தொடர் கட்டளைகளைப் பிறப்பிக்க வேண்டி வந்தது.

அவற்றில் ஒன்றின் பின்னணியை மட்டும் சொல்கிறேன். ஒன்ராறியோவின் வடக்கே வபெகேக்கா என்ற சிறிய ஊர். இளம் பிள்ளைகளுக்குள் தற்கொலை எண்ணம் பரவுகிறது, உளநல உதவிக்குப் பணம் வேண்டும் என்று 2016 ஜூலையில் ஊர் அரசிடம் விண்ணப்பித்தது. பணம் வரவில்லை. 2017 ஜனவரியில் பன்னிரண்டு வயதுச் சிறுமிகள் இருவர் உயிரை மாய்த்துக்கொண்டார்கள். அந்த ஆண்டு மே மாதக் கட்டளையில் தீர்ப்பாயம் இந்த ஊரைக் குறிப்பிட்டே எழுதியது. ஜோர்டன் கோட்பாடு எல்லா முதற்குடிப் பிள்ளைகளுக்கும் பொருந்தும், ஒதுக்கு நிலத்தில் வாழ்ந்தாலும் வெளியே வாழ்ந்தாலும். அவசர விண்ணப்பத்துக்கு 12 மணி நேரத்திலும், மற்றத் தனி விண்ணப்பங்களுக்கு 48 மணி நேரத்திலும் முடிவு சொல்ல வேண்டும். 2018 பெப்ரவரியில், தடுப்பு வேலைகளுக்கும் உண்மையான செலவைக் கொடு என்று கட்டளை வந்தது. முதலாவது பை அப்போதுதான் திறந்தது.

மாகாணம் கொடுக்கும் அளவுக்குச் சரியாகக் கொடுத்தால் போதாதா? அதற்கு மேல் கேட்பது நியாயமா?

டொலருக்கு டொலர் சமமாகக் கொடுப்பது போதாது என்று தீர்ப்பாயம் தெளிவாகச் சொன்னது. விமானத்தில் மட்டுமே போய்ச் சேரக்கூடிய ஊரில் ஒரு மருத்துவரைப் பார்ப்பதற்கு ஆகும் செலவும் ரொறன்ரோவில் ஆகும் செலவும் ஒன்றல்ல. மேலே சொன்ன மூன்று தலைமுறைப் பிரிவினையின் காயம் உள்ள குடும்பத்துக்கு வேண்டிய உதவியும் கூடுதல். விளைவு சமமாக வர வேண்டும் என்பதே சட்டம் கேட்பது. நம் பிள்ளைக்குத் தமிழ்த் துணையாசிரியர் வேண்டும் என்று பாடசாலையில் கேட்டபோது, "எல்லாருக்கும் ஒரே மாதிரித்தான்" என்று சொல்லியிருந்தால் நாம் எப்படி உணர்ந்திருப்போம் என்று வகுப்பில் கேட்பேன்.

ஆளுக்கு 40,000 டொலர் என்கிறார்கள், 23 பில்லியன் என்கிறார்கள். இரண்டும் எப்படி வந்தன?

40,000 என்பது சட்டத்தின் உச்சவரம்பு. வலிக்கும் துன்பத்துக்கும் 20,000 வரை, தெரிந்தே அல்லது பொறுப்பின்றிச் செய்ததற்கு இன்னொரு 20,000 வரை கொடுக்கலாம். 2019 செப்டெம்பரில் தீர்ப்பாயம் இரண்டையும் முழுதாகக் கொடுக்கச் சொன்னது. மேலே 2000ஆம் ஆண்டு ஆய்வைப் பற்றிச் சொன்னதை இங்கே நினைவில் கொள்ளுங்கள். தெரிந்தே நடந்தது என்பதற்கு அதுவும் ஆதாரம். அரசு இந்தக் கட்டளையை எதிர்த்துப் போய் 2021 செப்டெம்பரில் மத்திய நீதிமன்றத்தில் தோற்றது.

இதற்கிடையில் 1991வரை பின்னோக்கிச் செல்லும் குழு வழக்குகளும் பதிவாகியிருந்தன. எல்லாவற்றையும் சேர்த்துப் பேசி 2022இல் 20 பில்லியனுக்கு உடன்பட்டார்கள். சிலர் விடுபடுகிறார்கள், சிலருக்குக் குறைகிறது என்று தீர்ப்பாயம் அதை ஏற்க மறுத்தது. தொகை 23.34 பில்லியனாக உயர்ந்தது. 2023 ஜூலையில் தீர்ப்பாயமும் ஒக்டோபரில் மத்திய நீதிமன்றமும் ஏற்றன. மூன்று லட்சத்துக்கும் மேற்பட்டோருக்கு உரிய பணம் அது. வீட்டிலிருந்து எடுக்கப்பட்டவர்களுக்கான விண்ணப்பம் 2025 மார்ச்சில் தொடங்கியது.

பிள்ளையைக் கொடுமைப்படுத்திய தகப்பனுக்கும் காசு போகுமா?

போகாது. பிள்ளையைத் துன்புறுத்திய பெற்றோருக்கு நட்டஈடு இல்லை என்று 2019 கட்டளையிலேயே இருக்கிறது. அப்படிப்பட்ட வீட்டிலிருந்து எடுக்கப்பட்ட பிள்ளைக்கு உரிமை உண்டு.

அரசு 47.8 பில்லியன் தருகிறோம் என்றதாம், தலைவர்கள் வேண்டாம் என்றார்களாம். இவ்வளவு பணத்தை யாராவது மறுப்பார்களா?

அது நட்டஈடு அல்ல, இனிமேல் சேவைகளைச் சீர்திருத்துவதற்கான பணம், பத்து ஆண்டுகளுக்கு. 2024 ஒக்டோபரில் கல்கரியில் கூடிய முதற்குடித் தலைவர்கள் 267க்கு 147 என்ற வாக்கில் மறுத்தார்கள். பத்து ஆண்டு முடிந்த பிறகு என்ன என்பதற்கு உறுதி இல்லை, தீர்ப்பாயத்தின் கண்காணிப்பு போய்விடும், பேச்சு மூடிய அறைக்குள் நடந்தது, எங்களைப் போதுமான அளவு கேட்கவில்லை என்பன அவர்களுடைய முக்கிய காரணங்கள். ஏற்க வேண்டும் என்று வாதாடிய தலைவர்களும் இருந்தார்கள். அடுத்த அரசு இதைக்கூடத் தராது என்பது அவர்களுடைய அச்சம். இரண்டு பக்கத்தையும் எனக்கு விளங்குகிறது. நூறு ஆண்டு வாக்குறுதிகளைப் பார்த்தவர்கள், கையெழுத்துப் போடுவதற்கு முன் கண்காணிப்பைக் கேட்பதில் எனக்கு வியப்பில்லை.

ஒன்ராறியோ முதற்குடிகள் 2025 பெப்ரவரியில் தனியாக 8.5 பில்லியனுக்கு உடன்படிக்கை செய்துகொண்டார்கள்.

அவர்களே தங்கள் பிள்ளைகளுக்குச் சட்டம் இயற்ற முடியாதா?

முடியும். 2020 ஜனவரி 1ஆம் திகதி நடைமுறைக்கு வந்த மத்திய சட்டம் அந்த அதிகாரத்தை உறுதிப்படுத்துகிறது. கியூபெக் அரசு அதை எதிர்த்தது. 2024 பெப்ரவரியில் உச்ச நீதிமன்றம் சட்டம் முழுவதும் செல்லும் என்றது. சஸ்கற்சுவானில் கவெசெஸ் முதற்குடி போன்றவை தங்கள் சொந்தச் சட்டத்தின்படி பிள்ளைகளைக் கவனிக்கத் தொடங்கிவிட்டன. வறுமையையும் நல்ல வீடு இல்லாததையும் மட்டும் காரணம் காட்டிப் பிள்ளையை எடுக்கக் கூடாது என்று அந்த மத்திய சட்டத்தில் ஒரு பிரிவு இருக்கிறது. மேலே சொன்ன பழுதான வெப்பமூட்டியை நினைத்துக்கொள்ளுங்கள்.

இதெல்லாம் எங்கள் வரிப்பணம்தானே? நாங்கள் நேற்று வந்தவர்கள். நாங்கள் செய்யாத பிழைக்கு நாங்கள் ஏன் கொடுக்க வேண்டும்?

நாம் செய்யவில்லை. செய்தது அரசு, நட்டஈடு கொடுப்பதும் அரசு. நாம் அந்த நாட்டின் குடிமக்களாகச் சத்தியம் செய்து, அதன் வைத்தியசாலையையும் பாடசாலையையும் ஓய்வூதியத்தையும் ஏற்றுக்கொண்டோம். அதன் கடனை மட்டும் விட்டுவிட்டு எடுத்துக்கொள்ள வழியில்லை. குடியுரிமைச் சத்தியத்தில் 2021இலிருந்து பூர்வகுடிகளின் உரிமைகளை மதிப்பதாக ஒரு வரியும் இருக்கிறது. தேர்வு முடிந்து வலது கையை உயர்த்தி நீங்கள் சொல்லப்போகும் வரி அது.

இன்னொன்றும் சொல்வேன். இந்தத் தொகை இவ்வளவு பெருத்ததற்குக் காரணம் தாமதம். 2000இலேயே திருத்தியிருந்தால் அதற்குப் பிறகு எடுக்கப்பட்ட பிள்ளைகளில் பலர் இந்தக் கணக்கில் வந்திருக்கவே மாட்டார்கள்.

வழக்கு முடிந்துவிட்டதா?

நட்டஈட்டுப் பகுதி தீர்ந்து பணம் கொடுக்கும் கட்டத்துக்கு வந்திருக்கிறது. சீர்திருத்தப் பகுதி முடியவில்லை. ஜோர்டன் கோட்பாட்டில் முடிவு சொல்லப்படாத விண்ணப்பங்கள் பெருமளவில் தேங்கிவிட்டன என்று சங்கம் மீண்டும் தீர்ப்பாயத்துக்குப் போனது. 2024 நவம்பரில் தேக்கத்தைக் குறைக்கும்படி கட்டளை வந்தது. 2025 பெப்ரவரியில் அரசு எவை எவை இந்தக் கோட்பாட்டில் அடங்கும் என்பதற்குக் கட்டுப்பாடுகளை இறுக்கியது. மேலே எழுதிய 12 மணி நேரம், 48 மணி நேரம் என்ற கெடுக்கள் இன்னும் சட்டப்படி உள்ளன. பல குடும்பங்கள் மாதக்கணக்கில் காத்திருக்கின்றன.

எங்கள் பிள்ளைகளையும் இப்படி எடுத்துவிடுவார்களா, அக்கா?

வகுப்பு முடிந்து எல்லாரும் போன பிறகு ஒரு தாய் கைப்பையின் பிடியைத் திருகிக்கொண்டே கேட்டார். பின்னர் வேறு பலரும் அதையே தணிந்த குரலில் கேட்டிருக்கிறார்கள். இந்த வழக்கின் நிதிமுறை உங்களுக்குப் பொருந்தாது. ரொறன்ரோவில் பிள்ளை நலச் சேவைக்கு மாகாணம் பணம் கொடுக்கிறது, அது 2017ஆம் ஆண்டு ஒன்ராறியோச் சட்டத்தின் கீழ் இயங்குகிறது. வீட்டுக்கு ஊழியர் வருவதற்கும் பிள்ளை எடுக்கப்படுவதற்கும் நடுவே பல படிகள் இருக்கின்றன. எடுத்தாலும் சில நாட்களுக்குள் நீதிபதி முன் போக வேண்டும்.

ஊழியர் வந்தால் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேளுங்கள், விளங்காத தாளில் கையெழுத்துப் போடாதீர்கள், வருமானம் குறைவானவர்களுக்கு ஒன்ராறியோ சட்ட உதவி அமைப்பு இத்தகைய வழக்குகளுக்கு வழக்கறிஞரைத் தருகிறது என்று அவருக்கு ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். அவர் அதை மடித்துப் பைக்குள் வைத்தார். வாசல்வரை போனவர் திரும்பி வந்து, "அந்தக் குழந்தை ஜோர்டனுக்குத் தன் ஊர் எப்படியிருக்கும் என்றாவது தெரிந்திருக்குமா?" என்று கேட்டார். அதற்கு என்னிடம் பதில் இருக்கவில்லை.